அவன் தானாக நடந்து வந்தான்

சபையாரே, சந்தோஷமாகச் சாட்சி சொல்லத்தான் எழுந்து நின்றேன். அழுகைதான் முதலில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், எங்கள் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றிக் கம்பிவேலி போட்ட வருஷம், என் தம்பி தேவராசு கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போய்விட்டான். பக்கத்து வீட்டு முனியாண்டியும் கூடவே போனான். செரண்டாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. அப்பா அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை அவன்.

காலையில் பால் வெட்டப் போகும்போது வேலி வாசலில் சிப்பாய்கள் பால் வாளிக்குள் கைவிட்டுச் சோதிப்பார்கள். காட்டுக்கு ஒரு பிடி அரிசி போனாலும் தூக்குதான் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். தம்பி பட்டினி கிடப்பானே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. காட்டில் சுடப்பட்டவர்களை லோரியில் கொண்டுவருவார்கள். கால்களை மட்டும் பார்ப்பேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் வராது.

ஆண்டவரோடு சண்டை போட்டேன். "எல்லாம் முன்பே அறிந்தவராச்சே, அவன் போவான் என்று தெரிந்தும் ஏன் விட்டீர்? அவன் முடிவும் உமக்குத் தெரியுமென்றால் நான் எதற்குக் கேட்க வேண்டும்?" பிறகு ஜெபிப்பதையே நிறுத்திவிட்டேன்.

ரவாங்கிலிருந்து வந்த போதகரிடமும் இதையே கேட்டேன்.

"ஒங்களுக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தப்ப நானா ஆத்துக்குள்ள இழுத்தேன்? நீங்களாதானேம்மா எறங்கி வந்தீங்க. தம்பியையும் ஆண்டவரு கட்டி இழுக்க மாட்டாரு. ஆனா அவன் மனசோட பேசாம இருக்கவும் மாட்டாரு. நீங்க கேட்டுக்கிட்டே இருங்க."

அந்தப் பதில் என் மனதை ஆற்றவில்லை. போக்கிடம் இல்லாமல்தான் மறுபடி முழங்கால் போட்டேன். "இழுத்தாவது கொண்டுவாரும்" என்று பிடிவாதமாகக் கேட்டேன்.

ஒரு நாள் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது, "அக்கா" என்று குரல் கேட்டது. எலும்பும் தோலுமாக நின்றான். சரணடைந்தால் சுடமாட்டோம் என்று விமானத்திலிருந்து போட்ட துண்டுத்தாள் கையில் இருந்தது. அவனைப் பின்னால் விட்டு நான் முன்னால் நடந்தேன். "சுடாதீங்க, சுடாதீங்க" என்று கத்திக்கொண்டே வேலி வாசலுக்குப் போனேன். சுடவில்லை.

"ஓடை வரைக்கும் முனியாண்டியும் வந்தான்க்கா," என்றான். "எவ்வளவோ கூப்பிட்டேன். நீ போன்னு சொல்லிட்டுக் காட்டுக்கே திரும்பிட்டான்."

தம்பியை அடைத்து வைத்து விசாரித்து, பிறகு விட்டார்கள். இதோ, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவன் தன் காலால் நடந்துதான் வந்தான். அப்படி நடக்க வைத்தவர் அவர்தான் என்றும் விசுவாசிக்கிறேன். இரண்டும் எப்படிப் பொருந்துகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

முனியாண்டியின் தாய் வேறு சாமி கும்பிடுகிறவள். தம்பி வந்த அன்றைக்கு என் வாசலில் வந்து நின்று, "ஒன் சாமிக்கு எம்புள்ள மட்டும் கண்ணுல படலயா?" என்று கேட்டாள். அது முதல் தினமும் சாயங்காலம் அவளோடு போய் உட்காருகிறேன். இப்போது முனியாண்டிக்காக ஜெபிக்கும்போது "இழுத்துக் கொண்டுவாரும்" என்று கேட்பதில்லை. "அவன் மனதோடு பேசும்" என்று கேட்கிறேன்.

கர்த்தருக்கு அவன் முடிவு தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் கேட்கிறேன். நம்பிக்கை விட்டுப்போனவர்கள் இங்கே இருந்தால், நீங்களும் என்னோடு முழங்கால் போடுங்கள். முனியாண்டி இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக் கேளுங்கள்.