உன் நேரம்

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கும் அவளுடைய வீட்டில் ஏழு பேருக்கு ஒரே பாத்ரூம். சோப்பு போடும்போதே யாராவது கதவை இடிப்பார்கள். "நிம்மதியா குளிக்கக்கூட முடியாத வீடு ஒரு வீடா?" என்று சண்டை போட்டுத்தான் வெளியே தனி அறை எடுத்துப் போனாள்.

இப்போது பாத்ரூம் அவளுக்கே சொந்தம். ஆனாலும் நுழையும் முன் கதவைத் தட்டித் தொலைக்கிறாள். குளித்தாலும் இருப்புக்கொள்ளவில்லை, அரைகுறையாக ஓடிவருகிறாள்.

இன்று காலை தலையில் ஷாம்புவோடு தங்கைக்கு போன் போட்டாள்.

"என்னக்கா, தண்ணி சத்தம் கேக்குது?"

"குளிக்கிறேன்டி. சீக்கிரம் வெளிய வான்னு ஒரு தடவை கத்தேன்."

தங்கை கத்தவில்லை.

"இங்க உன் நேரத்துல பாத்ரூம் சும்மாதான்க்கா கிடக்கு. எல்லாரும் வரிசையில நிக்கிறோம், யாரும் உள்ள போக மாட்டேங்கிறோம்."