கவிழ்த்த குறி

சோதனைக்கூடத்து ஆள் யாரோ லிஃப்டில் சொன்னதாகப் பக்கத்து மேஜைக்காரர் டீ மெஷின் பக்கம் வந்து சொன்னார். புது மெமரி சிப்பின் மாதிரி தூங்கி எழுந்தால் ஏதேதோ உளறுகிறதாம். அதை மாட்டிச் சோதிக்கும் டெஸ்ட் போர்டில்தான் கோளாறு என்று அங்கே சந்தேகமாம். தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று அவரே சிரித்தும் கொண்டார். 'கஞ்சம்' குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பேர். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதுதானே பிழைப்பு. வீட்டிலும் கணவர் அறையை விட்டு நகரும் முன்பே விளக்கை அணைத்துவிடுவாள்.

அந்தச் சிப்பில் தகவலை மாற்றி அனுப்பும் என்கோடர் சுற்று அவள் கைவேலை. தகவலெல்லாம் பூஜ்யமும் ஒன்றுமாகத்தான் கம்பியில் போகும். அதில் பூஜ்யம் ஒன்றாகப் புரண்டாலும் ஒன்று பூஜ்யமாகப் புரண்டாலும் மின்சாரம் செலவு. பாதிக்கு மேல் புரள வேண்டி வந்தால், சுற்று எல்லாவற்றையும் தலைகீழாக்கி அனுப்பி, கூடவே 'கவிழ்த்திருக்கிறேன்' என்று ஒரு குறியும் வைக்கும். படிக்கும்போது குறியைப் பார்த்து நிமிர்த்திக்கொள்ளலாம்.

சிப் தூங்கும்போது குறிக்கு மின்சாரம் வேண்டாம் என்று வெட்டியதும் அவள்தான். "தூங்குறவனுக்குக் குறி எதுக்கு?" என்று கூட்டத்தில் கேட்டாள், எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். கவிழ்த்த தகவல் கவிழ்ந்தபடியேதான் சேமிப்பில் கிடக்கும், குறி போனால் அதை நிமிர்த்த வழியில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அன்று சோதிக்கக் கொடுத்ததெல்லாம் வெறும் பூஜ்யம், கவிழ்க்கும் வேலையே வரவில்லை.

மேஜைக்கு வந்து கணினியில் சுற்றை ஓட்டினாள். ஒன்றுகள் நிறைந்த ஒரு தகவலை எழுதி, தூங்கவைத்து, எழுப்பினாள். கொடுத்ததற்கு நேர் எதிராக வந்தது. அதுபோல இன்னொன்றை எழுதிப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

இன்று சாயங்காலம் சிப்பின் வரைபடம் மொத்தமாகத் தயாரிக்க ஆலைக்குப் போகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் மருந்து இறக்கும் பம்புக்குள் இந்தச் சிப்தான் உட்காரப்போகிறது. மருந்தின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு வேளை மருந்துக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே தூங்கி எழும் பம்பு.

மாடிப்படிக்குப் போய்ப் போனில் கணவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். வேலை போனால் விசா போகும், விசா போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும் என்று அவர் அடுக்கினார். சோதனைக்கூடத்துக்காரர்களே கண்டுபிடிக்கட்டும், நீ ஏன் வலியப் போய்த் தலையைக் கொடுக்கிறாய் என்றார்.

"அவங்க டெஸ்ட் போர்டைத்தான் சந்தேகப்படுறாங்களாம். அதை மாத்திட்டு வரைபடத்தை அனுப்பிடுவாங்க."

"அப்ப உன் பேரே வராதுல்ல. பேசாம இரு."

"ஏங்க, அந்தக் கட்டில்ல உங்க அம்மா படுத்திருந்தா?"

"உன் இஷ்டம்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

சுவரில் சாய்ந்துகொண்டு மேலாளரின் எண்ணைத் தேடினாள். அவர் சொன்னால்தான் வரைபடம் ஆலைக்குப் போவது நிற்கும். என்ன சொல்லி ஆரம்பிப்பது? 'சார், என் தப்பு' என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை சொல்லிப் பார்க்காமல் எண்ணை அழுத்தினாள்.

எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.