கூரையில் விளைந்த மக்காச்சோளம்

ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. கடைக்குச் சரக்கெடுக்க மதுரை போன இடத்தில் அந்தப் புரொஜெக்டரை வாங்கியதும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு ஒரு நியாயமும் இருந்தது. அம்மா தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, மல்லாக்கப் படுத்துக் கிடந்தாள். டிவி இருக்கும் பக்கம் அவளால் திரும்ப முடியாது. படத்தைக் கூரையில் விழவைத்தால் படுத்தபடியே பார்க்கலாமே!

பாளையம்பட்டியில் எங்களுக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. உள்ளறை சன்னலைப் போர்வையால் மூடி, நடுப்பகலை இருட்டாக்கி, இரண்டு செங்கலுக்கு நடுவே மெஷினை நிமிர்த்தி வைத்தேன். படம் விழுந்தது. ஆனால் நடுவில் மின்விசிறி. அது சுற்றினால் எல்லார் முகமும் நறுக்கி நறுக்கித் தெரிந்தது. நிறுத்தினால் வேர்த்துக் கொட்டியது. மெஷின் வேறு கிரைண்டர் மாதிரி இரைந்தது. அம்மா இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "சினிமா என்னத்துக்கு? நம்ம காட்டக் காட்டு" என்றாள்.

திருச்சுழிப் பக்கம் இருக்கும் எங்கள் மானாவாரிக் காட்டில் அந்த வருடம் நான் விதைக்கவே இல்லை. விதைப்புச் சமயத்தில்தான் அம்மா வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரி, கடை என்று நான் ஒருத்தியே அல்லாடியதில் பருவம் தப்பிவிட்டது. அவளிடம் மட்டும், "ஆள் விட்டு வெதச்சாச்சு" என்று சொல்லி வைத்திருந்தேன்.

போனில் போன வருடத்து வீடியோக்கள் இருந்தன. வெளிநாட்டில் இருக்கும் தம்பி கேட்டானென்று, வாரம் ஒருமுறை கண்மாய்க் கரையில் நின்று மக்காச்சோளப் பயிரை எடுத்து அனுப்பியவை. அவற்றையே வாரத்துக்கு ஒன்றாகக் காட்டினேன். அம்மா முகம் தெளிந்தது. நன்றாகச் சாப்பிட்டாள். விசிறியே வேண்டாம் என்றாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் எழுந்திருக்கச் சொன்னால் மட்டும் மாட்டாள். இப்போது நடக்கத் தொடங்காவிட்டால் கடைசிவரை படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வாக்கரைக் கட்டிலோரம் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நீதான் எல்லாம் பாத்துக்கிறியே. எனக்கென்ன அவசரம்?"

கத்தியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அசையவில்லை.

ஒரு நாள் கூரையைப் பார்த்தபடி, "ஏத்தா, கெழக்கு மூலையில கருப்பாத் தெரியுது பாரு. பன்னி படுத்துப் பயிரச் சாச்சிருக்கு" என்றாள். நானும் பார்த்தேன். கருப்பாக ஒரு திட்டு இருந்தது. போன வருடம் காட்டுப்பன்றி இறங்கியது உண்மைதான், அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து, "ஆமாம்மா. காவலுக்கு ஆள் போட்டாச்சு" என்றேன். பொய்க்கு மேல் பொய்.

மறுநாள் அம்மா தூங்கும்போது ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுப் பார்த்தால், கதாநாயகி கன்னத்திலும் அதே திட்டு! எங்கள் ஊர்ப் புழுதி மெஷினுக்குள் புகுந்துவிட்டது. மலிவு மெஷினில் எல்லாம் ஓட்டையும் சந்தும்தான். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி வாயால் ஊதினேன். எச்சில் தெறித்து ஒரு புள்ளி நாலு புள்ளியானது. பிறகு செல்போன் ரிப்பேர் கடையில் காற்றடிக்கும் ரப்பர் பந்தை இரவல் வாங்கிவந்து தூசியை விரட்டி, மூக்குக் கண்ணாடித் துணியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன். படம் பளிச்சென்று வந்தது. அந்த ஜோரில் யோசிக்காமல் அம்மாவுக்குக் காட்டை ஓட விட்டேன்.

வெகுநேரம் பார்த்தாள். "சாஞ்ச பயிரு ஒரே நாள்ல எந்திரிச்சிருச்சா?"

கட்டிலோரம் உட்கார்ந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. கண்ணை மூடிக்கொண்டு, "வெறுங்காட்டயே எடுத்துட்டு வா" என்றாள்.

அடுத்த நாள் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறிப் போனேன். அதே கரையில் நின்று எடுத்தேன். மத்தியானம் அது கூரையில் விழுந்தது. களை மண்டிக் கிடந்தது. அதற்குள் முழங்கால் உயரத்துக்கு வேலிக்கருவைக் கன்றுகள். அம்மா படுத்தபடியே விரலை நீட்டி, ஒவ்வொரு கன்றாகத் தொடுவது போல எண்ணிக்கொண்டு போனாள். கண்ணீர் காதோரமாக இறங்கியது. நான் காட்டிய பச்சையைப் பார்த்துத்தான் இவள் இத்தனை நாள் நிம்மதியாகப் படுத்துவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அறை வெந்துகொண்டிருந்தது.

"ஃபேனப் போடட்டுமாம்மா?" என்றேன்.

"மொதல்ல அந்தப் படத்த அமத்து. அமத்திட்டு, வாக்கர இங்கிட்டு எடு" என்றாள்.