அண்ணை வருவதற்கிருந்த வழிகள்

1985 ஆனியில் அப்பா இறந்தபோது அண்ணை சென்னையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஆண்பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். எங்கள் வழக்கப்படி தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்கவேண்டும், தாய்க்கு இளையவன். தந்தி அண்ணையின் கைக்குக் கிடைத்தபோது இங்கே யாழ்ப்பாணத்தில் எல்லாம் முடிந்திருந்தது. அவருக்குப் பதிலாக நான் வைத்தேன். மிச்சமிருந்தது முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் செய்யும் அந்தியேட்டிக் கிரியை. அதற்காவது மூத்தவன் வந்தாக வேண்டும் என்று அம்மாவின் தமையனான மாமா பிடிவாதமாக நின்றார்.

வீட்டில் வழிகளைப் பற்றியே பேச்சு. 1983 தையில் அண்ணை படிக்கப் போனது தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி. அம்மா கட்டிக்கொடுத்த பொரிவிளாங்காயைக் கப்பலிலேயே தின்று முடித்துவிட்டதாக எழுதியிருந்தார். அந்தக் கப்பல் 1984 இல் நின்றுபோனது. விமானத்தில் கொழும்புக்கு வரலாம். ஆனால் சென்னையிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து இளைஞனைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்று எவருக்கும் தெரியாது. அதைக் கடந்தாலும் வடக்கே வரும் வழியெல்லாம் சோதனை. மற்றது, வேதாரணியப் பக்கமிருந்து வள்ளம். குறுகிய வழி. நடுவில் கடற்படை.

மருதனார்மடச் சந்தியில் ஒரு மருந்துக்கடையில் தொலைபேசி இருந்தது. ஒரு ஞாயிறு காலை அங்கே அழைப்பு எடுப்பதாக அண்ணை அறிவித்திருந்தார். மாமாவும் நானும் புறப்பட்டபோது அம்மாவும் வந்தார். சாவுத் தீட்டான துடக்குக் கழியுமுன் கணவனை இழந்தவள் வாசற்படலை தாண்டுவதில்லை. மாமா தடுத்துப் பார்த்தார். அம்மா முன்னால் நடந்தார்.

கடைக்குள் மட்டும் அவர் வரவில்லை. துடக்கோடு பிறர் கடையை மிதிக்கமாட்டேன் என்று வெளியே நின்றுகொண்டார். முதலில் மாமாதான் பேசினார். அண்ணை வள்ளத்துக்கு ஒழுங்கு செய்துவிட்டாராம். பஸ்ஸில் வருவதுபோலச் சொல்கிறான் என்று மாமா பெருமையோடு எங்கள் பக்கம் திரும்பினார். அம்மா கையை நீட்டினார். கடைக்காரர் தொலைபேசியை மேசையோடு வாசலுக்கு இழுத்து, வயர் எட்டும் மட்டும் றிசீவரை வெளியே கொடுத்தார்.

அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்தார்.

"சாப்பிட்டியோ ராசா?" என்று கேட்டுவிட்டு, "வள்ளத்திலை வரவேண்டாம்" என்றார்.

அண்ணை விமானத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

"அதிலையும் வேண்டாம்."

பக்கத்தில் நின்ற எனக்கும் அண்ணையின் குரல் கேட்டது. "அப்ப நான் எதாலையம்மா வாறது? கப்பலை நானோ நிப்பாட்டினனான்?"

"வராதை."

மாமாவின் முகம் கறுத்தது. மூத்தவன் உயிரோடு இருக்க அந்தியேட்டியையும் இளையவன் செய்வதோ, ஊர் என்ன கதைக்கும் என்று அண்ணைக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார். இருவருக்குமாக அம்மா ஒரே பதிலைச் சொன்னார்.

"கொப்பருக்கு இளையவன் கொள்ளி வைச்சிட்டான். மிச்சத்தையும் அவனே செய்யட்டும். எனக்கு நீ வை. அதுக்கு நீ உயிரோடை இருக்கோணும்."

லைன் கரகரத்து அறுந்தது. அம்மா றிசீவரைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "தாய்க்கு மூத்தவன் வைக்கிறதை எங்கை கண்டனீ?"

"காணாட்டி இனிக் காணுங்கோ" என்றார் அம்மா.

கீரிமலையில் குருக்கள் மூத்தவர் எங்கே என்று கேட்டார். அம்மா சொல்லி அனுப்பியபடி, "படிக்கிறார்" என்றேன். மாமா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1993 இல் அம்மா படுக்கையில் விழுந்தார். அண்ணை அப்போது லண்டனில். எங்கள் பக்கம் ரயிலும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கொழும்பிலிருந்து வருபவர்கள் கிளாலியில் கடலேரியைக் கடக்கவேண்டும். அங்கேயும் கடற்படை சுட்டு எத்தனையோ பேர் செத்திருந்தார்கள். அண்ணையை வரச்சொல்லி, கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கடிதம் கொடுத்துவிடட்டோ என்று அம்மாவைக் கேட்டேன்.

"கிளாலியாலை எதிலை வாறது?" என்று கேட்டார்.

"வள்ளந்தான்."



"அப்ப விடு. தாய்க்கு இளையவன்தானே வைக்கிறது."

ஐப்பசியில், வழக்கப்படி, நான் வைத்தேன்.