நெல் பத்தாயத்தில் ஒரு பேச்சு அறை

சத்தம் போடாமல் பேசத் தெரியாதா என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் பேசினேன். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் குரல் பிறவியிலேயே பெரிய குரல். கல்யாணத்துக்கு முன்னால், கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவை வீட்டு வாசலில் நின்றபடியே சாப்பிடக் கூப்பிடுவேன். படகில் போகிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அறந்தாங்கிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போகிற அன்று அம்மா எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்.

"அங்க போயி வாயத் தெறக்காத. தெறந்தாலும் சத்தம் வராமத் தெற."

அப்படியே செய்தேன். புது மருமகளின் குரல் கூடத்தில் கேட்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். எங்கள் அறையின் சுவரோ ஓடு வரை ஏறாமல் பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் என் மாமியாரின் கட்டில்; மாமி என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் காதோடு காதாகத்தான் பேசிக்கொண்டோம். நாற்பது நாள் அப்படி ரகசியக் குரலிலேயே குடித்தனம் நடத்திவிட்டு என் வீட்டுக்காரர் பினாங்குக்குக் கப்பலேறி சபர் போய்விட்டார். ஒரு மளிகைக் கடையில் வேலை.

அதற்குப் பிறகு எனக்குப் பதிலாகக் கொழுந்தன் கடிதம் எழுதினான். எனக்கு எழுத வராது. "மதினி, என்ன எழுதணும்?" என்று கேட்பான். மாமி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் தலையை ஆட்டுவேன். அந்தத் தலையாட்டலை அவன் "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதி ஒட்டிவிடுவான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், பினாங்கிலிருந்து ஊருக்கு வந்தவர் கையில் என் வீட்டுக்காரர் ஒரு டேப் ரிக்கார்டர் கொடுத்தனுப்பினார். ஜப்பான் பெட்டி, பேட்டரியில் ஓடுவது. கொண்டுவந்தவர் எங்கள் வீட்டு மூத்த மருமகளின் கூடப்பிறந்த தம்பி. அந்த மூத்த மருமகளைத்தான் நான் லாத்தா என்று கூப்பிடுவேன். எல்லோரும் பேசி ரீலைத் திருப்பி அனுப்ப வேண்டும், கடையில் முதலாளி வைத்திருக்கும் பெரிய பெட்டியில் போட்டு அவர் கேட்டுக்கொள்வார் என்று செய்தி. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. முதலாளி இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறாராம், அவர் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இருக்கட்டும். மாடி எடுத்துரலாம்" என்றார் மாமி.

யாருக்கு வேண்டும் மாடி? கீழே இருக்கிற அறையிலேயே ஆளில்லை.

கூடத்தில் பாய் விரித்துப் பெட்டியை நடுவில் வைத்தார்கள். மாமி வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பினாங்கு தூரம் என்பதால் தொண்டை கிழியக் கத்தினார். கன்று போட்டது, மாங்காய் காய்த்தது, மாடிக்குச் செங்கல் விசாரித்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒரு மூச்சு அழுதார். லாத்தாவின் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். என் முறை வந்ததும் எல்லாக் கண்ணும் என் வாய்க்கு வந்தன. நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். கொழுந்தன் மைக்கை வாங்கி, "மதினி தலைய ஆட்டுறாக. நல்லாத்தான் இருக்காக" என்றான். ரீலில் என் பங்கு அவ்வளவுதான்.

அன்று அடுப்படியில் வெங்காயம் இல்லாமலே அழுதேன். லாத்தா பார்த்துவிட்டார்.

"ஒனக்கு என்ன சொல்லணும்?"

"வந்துருங்கன்னு."

"சொல்லிருவோம். ரீலுக்கு மறுபக்கம் சும்மாத்தானே கெடக்கு. தனியா இருக்கையில திருப்பிப் போட்டுக் கேக்கச் சொல்லி எந்தம்பிக்கிட்டச் சொல்லிவிடுறேன்."

பெட்டியை இயக்கும் வித்தையைக் கொழுந்தன் செய்யும்போது பார்த்தே லாத்தா படித்துவிட்டிருந்தார். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இடம்தான் கிடைக்கவில்லை. ரேடியோக்காரர்கள் வெளிச்சத்தம் உள்ளே வராமல் அறை கட்டுவார்களாம். எங்களுக்கு வேண்டியது உள்சத்தம் வெளியே போகாத அறை. அதுவும் சல்லிக்காசு செலவில்லாமல், மாமிக்குத் தெரியாமல்.

முதலில் சாமான் அறையைப் பார்த்தோம். சன்னலில் சாக்குத் தொங்கவிட்டு, கதவிடுக்கில் பழந்துணி திணித்தோம். நான் உள்ளே இருந்து எதையாவது பேச வேண்டும், லாத்தா மாமி பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், கேட்டால் இரும வேண்டும் என்று ஏற்பாடு. எனக்குப் பேச எதுவும் தோன்றவில்லை. கண்ணில் பட்ட டப்பாக்களைச் சொன்னேன்.

"புளி, வெந்தயம், பெருங்காயம்..."

"பெருங்காயம் தீந்துபோச்சா? முந்தாநாள்தானே வாங்குனோம்?" என்று மாமி கட்டிலிலிருந்து கேட்டார். லாத்தாவுக்கு வந்த இருமலைப் பார்த்து அன்று முழுக்க அவருக்குக் கசாயம் கொடுத்தார்கள்.

அடுத்தது கிணற்றடியில் கீற்று வைத்து அடைத்த குளிப்பிடம். கீற்றுக்கு மேல் பாயைச் சுற்றினோம். கிணறு பக்கத்தில் இருக்கிறதே என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நான் "மச்சான்" என்று ஒரு தடவை சொன்னேன். கிணறு அதை எடுத்து உருட்டி நாலு தடவை சொல்லிற்று. "யாரும்மா கெணத்துல விழுந்தது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கயிறோடு சுவர் ஏறிக் குதித்தார். வாளி விழுந்துவிட்டது என்று சமாளித்தோம். அவர் வாளியை எடுத்துக் கொடுக்காமல் போகமாட்டேன் என்று நின்றார். அவருக்காக ஒரு நல்ல வாளியைக் கிணற்றில் போட வேண்டியதாயிற்று.

இதற்குள் லாத்தாவின் தம்பி கப்பலேறும் நாள் நெருங்கிவிட்டது. எனக்கு எரிச்சலான எரிச்சல். ஒரு பெண்பிள்ளை புருஷனிடம் ஒரு வார்த்தை பேச இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு மூலை இல்லையா? அப்படி நினைத்துக்கொண்டே நெல் எடுக்கப் போனேன். பத்தாயம் எதிரில் நின்றது.

ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரப்பெட்டி அது. மேலே மூடியைத் திறந்து நெல்லைக் கொட்டுவோம். கீழே சின்னக் கதவைத் தூக்கினால் வேண்டிய நெல் வழிந்து வரும். அப்போது கால்வாசிதான் நெல் இருந்தது. மீதி என் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

மாமி சாப்பிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்து வேலையைத் தொடங்கினோம். உட்பக்கம் நாலு பலகையிலும் கடலைச் சாக்கு. மூடிக்கு அடியில் வைக்கோலைச் சேலையில் கட்டித் தொங்கவிட்டோம். இன்னும் சத்தம் கசிந்தது. பரண்மேல் எங்கள் கல்யாண மெத்தை, அவர் போனதிலிருந்து சுருட்டினபடியே கிடந்தது. லாத்தா அதை இறக்கினார். இலவம்பஞ்சு மெத்தை, ஓரத்தில் எலி கடித்திருந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கொடுத்தேன். அதை வளைத்து நிறுத்தினோம். நான் உள்ளே இறங்கிப் பெருங்காயம் என்று கத்தினேன். மாமியிடம் இருந்து பதிலே இல்லை. லாத்தா மேலே ஏறி, "பேசுனியா இல்லையா?" என்று கேட்டார். எனக்கு அந்தச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் டேப் பெட்டியை நெல் புடைக்கும் சுளகில் வைத்து நெல்மேல் இருத்தி, பொத்தான்களை அழுத்தி, மூடியைச் சாத்திவிட்டு லாத்தா காவலுக்குப் போனார். முழங்கால் வரை நெல்லுக்குள் நின்றேன். கும்மிருட்டு. வெக்கை. நெல் சொணை கழுத்திலும் முதுகிலும் ஏறிக்கொண்டது. மைக்கைப் பிடித்தேன். எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. வாயில் வந்தது இதுதான்.

"மச்சான், ஒடம்பெல்லாம் அரிக்குது!"

பிறகு நாலு தும்மல். அதற்கப்புறம் மடை திறந்துகொண்டது. அத்தனை மாதம் அடைத்து வைத்திருந்த குரல், என் சொந்தக் குரல், கருவாட்டுக் குரல். எனக்கே ஆசையாக இருந்தது. வீட்டில் வைக்கும் உப்பில்லாத குழம்பைப் பற்றி, கொழுந்தன் எழுதும் நலத்தைப் பற்றி, மெத்தையை எலி கடித்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். முக்கியமானதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கடைசிக்கு ஒதுக்கிக்கொண்டே போனேன்.

அப்போது காலடியில் நெல் நகர்ந்தது. யாரோ கீழ்க்கதவைத் தூக்கிவிட்டார்கள். மாமி! காவலுக்குப் போன லாத்தா அங்கேயே தூங்கிப்போயிருந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நெல் போகப் போக நானும் பெட்டியும் சுளகும் மெல்ல இறங்கினோம். கீழே மாமியின் குரல் கேட்டது.

"நெல்லோட பஞ்சு வருதே! எலி புகுந்து மெத்தையக் கடிச்சு இங்கிட்டுக் கூடு கட்டியிருக்கு. பாரு, என்னமோ நகருது!"

உலக்கையை எடுத்துப் பத்தாயத்தின்மேல் இடித்தார் பாருங்கள், என் பல்லெல்லாம் கழன்று நெல்லோடு போய்விடும் என்றிருந்தது. நான் எலி செய்வதைத்தான் செய்தேன். அசையாமல் இருந்தேன். சத்தத்தில் விழித்துக்கொண்ட லாத்தா ஓடி வந்து, எலியை ராத்திரிப் பொறி வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று மாமியை அழைத்துக்கொண்டு போனார். கதவு மூடியதும் மைக்கை வாயோடு வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "மாடி வேணாம் மச்சான். வந்துருங்க."

ரீல் போயிற்று. மழைக்காலம் போயிற்று. நான் கழுத்தில் தடிப்பு ஆறுகிற வரைக்கும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு காத்திருந்தேன். பதில் ரீல் வந்ததும் கூடத்தில் பாய் விரித்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. அவரும் என்னோடு முழுக் குரலில் பேசினதில்லை. நல்ல குரல்தான். அம்மாவுக்கு ஸலாம் சொன்னார், கன்றுக்குட்டியைக் கேட்டார், வாய்ப்பாட்டில் எட்டாம் வாய்ப்பாடு தப்பு என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ரீலத் திருப்பித் தனியாப் போட்டுக் கேக்கச் சொன்னாக. போட்டேன். யாரோ ஒரு அம்மா, நல்ல கனத்த குரல். எம் பொஞ்சாதிக்குப் பதிலாப் பேச யாரப் புடிச்சீங்க? கடுதாசிதான் அடுத்த ஆளு எழுதுது, பேச்சுக்குமா ஆளு வைக்கணும்? அவ குரல் எனக்குத் தெரியாதா? எடுத்த எடுப்புல, மச்சான் ஒடம்பெல்லாம் அரிக்குதுங்குது. அன்னியப் பொம்பள எங்கிட்டச் சொல்ற சங்கதியா இது? மேக்கொண்டு கேக்கக்கூடாதுன்னு பெட்டிய அமத்திட்டேன். சரி, எல்லாரும் மாடி மாடிங்கிறீங்க. நோம்புப் பெருநாள் கழிச்சு இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுரலாம்னு இருக்கேன்."

ரீல் முடிந்து வால் மட்டும் படபடவென்று சுற்றியது. மாமி திரும்பி லாத்தாவைப் பார்த்தார். "யாரக் கூட்டியாந்து பேச வச்ச? வீட்டு மானத்தக் கப்பலேத்திட்டியே!" லாத்தா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான் பேசுனேன்!"

கிணற்றடிக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. மாமி என்னைப் பார்க்கவில்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்தார். கொழுந்தனும் வாசலைப் பார்த்தான்.

"இங்கிட்டுப் பாருங்க மாமி. நான்தான். பத்தாயத்துக்குள்ள நின்னு பேசுனேன். மாடி வேணாம், வந்துருங்கன்னு சொன்னேன். அத அவுக கேக்கவே இல்ல!" என்று சொல்லிவிட்டு, அதே குரலில் அழுதேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த எலி நீதானா?" என்றார் கடைசியில். பிறகு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். "ஒங்க மாமாவும் ரெங்கோனுக்குப் போனவுகதான். பாதி ஆயுசு அங்கிட்டே போச்சு. வந்துருங்கன்னு நான் சொன்னதில்ல. சொல்லலாம்னே தெரியாமப் போச்சு." கொழுந்தனைப் பார்த்து அதட்டினார். "பெட்டிய எடுடா. இவ இப்பவே பேசட்டும். அவனுக்குத் தெரிஞ்ச குரல்ல பேசு தாயி."

அவருக்குத் தெரிந்த குரல் காதோடு பேசுகிற குரல். அதைப் பெட்டி பிடிக்க வேண்டுமானால் ஈ பறக்கக்கூடாது. மாமி கோழிகளை விரட்டச் சொன்னார். பிள்ளைகள் வாயில் ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டைத் திணித்தார். கிணற்றுப் பக்கம் யாரும் போகக்கூடாது என்றார். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் கேட்கக்கூடாது என்று பத்தாயம் ஏறினவள், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க மைக்கோடு உதட்டை வைத்துச் சொன்னேன்.

"மச்சான்... மாடி வேணாம்... வந்துருங்க..."

"கேக்கலையே" என்று என் தோளுக்குப் பின்னாலிருந்து மாமி சொன்னார். அதுவும் ரீலில் ஏறிவிட்டது. அப்படியே அனுப்பினோம்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. கப்பலில் நாகப்பட்டினம் வந்து, பஸ் பிடித்து, ஒரு மத்தியானம் பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நின்றார். அதற்குள் நான் என் சொந்தக் குரலுக்குப் பழகியிருந்தேன், வீடும் பழகியிருந்தது. கதவைத் திறந்தவள் நான்தான். சந்தோஷம் தாங்காமல் வாய் நிறையச் சொன்னேன்.

"வாங்க மச்சான்! நல்லா இருக்கீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஸலாம் அலைக்கும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பேசினது யாரென்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.