அக்காவுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றித் தம்பியே எழுதட்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்தால் அழுகை வருகிறது. நடுவில் கொஞ்சம் கோபமும் வருகிறது. இரண்டையும் மறைக்கப் போவதில்லை.

அக்கா பிறந்தது கம்மாபுரம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். சிதம்பரத்தில் இயந்திரப் பொறியியல் படித்தார். கடலூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தபோது, இயந்திரங்கள் பக்கமே விடாமல் கோப்பு பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். சில வருடம் பொறுத்துப் பார்த்தவர், வேலையை விட்டுவிட்டு அங்கேயே சொந்தமாகப் பட்டறை தொடங்கினார். வாய்க்கால் மதகுகளுக்கு இரும்புக் கதவு செய்யும் பட்டறை. "பொம்பள செய்யிற கதவு தண்ணியத் தாங்குமா?" என்று கேட்டவர்கள் இன்று இங்கேயும் இருக்கலாம். பின்னாளில் அவர்களும் அக்காவிடம்தான் வந்தார்கள்.

புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தால், அக்கா முதலில் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவார். கதவு பொருத்திய ஊருக்கு, முதல் மழை பெய்ததும் யாரும் கூப்பிடாமலே கிரீஸ் டப்பாவுடன் போய் நிற்பார். காலை டீ நேரத்தில் வரைபடத்தை மேசையில் விரித்து வைப்பார். பெயின்ட் அடிப்பவர் வரை யாரும் குறை சொல்லலாம். "ரொம்ப ஜாஸ்தி எடம் குடுக்கறக்கா" என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

பட்டறையில் மேற்பார்வை என்னுடையது. பாலிடெக்னிக் முடித்து வெல்டிங் வேலைக்கு வந்தவர் செல்வி. ஒருமுறை சிதம்பரம் அருகே பழைய மதகு ஒன்றை அளக்க இருவரும் போயிருந்தோம். "அண்ணே, எடது பக்கச் சுவரு உள்ள சாஞ்சிருக்கு. மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துல அளக்கணும்" என்றார். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று மேலே மட்டும் அளந்துகொண்டு வந்தேன். மறுநாள் டீ நேரத்தில் நான் பக்கத்திலேயே நின்றதால் அவர் வாய் திறக்கவில்லை.

நடவு நேரத்தில் கதவைப் பொருத்தினோம். பாதி இறங்கியதும் சிக்கிக்கொண்டது. ஊரே கரையில் நின்றது. கடலூரிலிருந்து விரைந்து வந்த அக்கா, செல்வியைத் தனியே அழைத்து விசாரித்தார். பிறகு விவசாயிகளிடம் திரும்பினார்.

"அளவு தப்பு. இந்தப் பொண்ணு அப்பவே சொல்லியிருக்கு, என் தம்பி கேக்கல. பொறுப்பு என்னுது. சரி பண்ணித் தந்துட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

சொன்னபடியே அந்த ஊரிலேயே தங்கி முடித்துக் கொடுத்தார்.

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. "ஊர் முன்னாடி என்னைக் காட்டிக் குடுக்கணுமாக்கா?" என்றேன்.

"உன்ன மறைச்சா பழி அந்தப் பொண்ணு மேல போவும் தம்பி. வெல்டிங் சரியில்லன்னு அவுங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க" என்றார்.

கோபித்துக்கொண்டு போனவன், பல மாதம் பட்டறைப் பக்கம் போகவில்லை. அக்காவுக்குப் புற்றுநோய் என்று மாமா வந்து சொன்ன பிறகுதான் போய்ப் பார்த்தேன். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் பட்டறைச் சாவியை என்னிடமே கொடுத்தார்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கப்புறம் பட்டறைய செல்வி நடத்தட்டும். மாமாகிட்ட சொல்லிட்டேன். நீ செல்விக்குக் கீழ வேல செய்வியா?"

பட்டறை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். "தூங்குக்கா, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். மூன்றாம் நாள் காலை அக்கா போய்விட்டார்.

அக்காவை அன்போடு கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சிதம்பரம் பக்கமிருந்து வேன் பிடித்து வந்து மாலை போட்ட விவசாயிகளுக்கும், எல்லாக் காரியங்களையும் முன்னின்று செய்த பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

செல்விக்கு நன்றி மட்டும் போதாது. அன்று மதகுக் கரையில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இப்போது கேட்கிறேன். இன்று பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சாவியை அவரிடம் கொடுத்துவிடுவேன். நாளைக் காலை அவர் என்ன வேலை சொல்கிறாரோ, அதைச் செய்வேன்.

செய்றேன்க்கா.