எரியாத டயர் லைட்

சென்ற மாதம், பிரசவ வலி எடுத்த மகளைச் சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஜப்பான் காரில் கொண்டுபோனேன். டயரில் காற்றுக் குறைந்தால் எரிவதற்கென்று அதில் ஒரு சிறு லைட் உண்டு.

"மாமா, கார் இடப்பக்கம் இழுக்குது. காத்துப் போயிட்டுப் போல" என்றார் மருமகன்.

"போயிருந்தா லைட் எரியுமே, மகன்" என்றேன்.

"அப்பா, லைட்ட உட்டுட்டு ரோட்டப் பாருங்க!" என்று மகள் முனகினாள்.

நகரை நெருங்கும்போது, வாகனம் நிறுத்தக் கூடாத இராணுவக் காவலரணுக்கு முன்னால் டயர் முற்றாக இறங்கிவிட்டது. கதவைத் திறந்தேன். சிப்பாய் துவக்கை நீட்டி, "யண்ட! யண்ட!" என்று சிங்களத்தில் போகச் சொல்லிக் கத்தினான். டயர் மாற்ற வழியில்லை. ரிம் ரோட்டில் அரைய, நடக்கும் வேகத்தில் ஓட்டினேன். மகள் அலறினாள், என்னால் அதற்கு மேல் வேகமாகப் போக முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள்ளேயே பேத்தி பிறந்தாள். இருவரும் நலம்.

மறுநாள் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். மற்ற லைட்டுகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைந்தன. டயர் லைட் மட்டும் எரியவேயில்லை. அது பழுதாகிக் கிடந்ததை, குறை எதுவும் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புறப்படுமுன் ஒவ்வொரு லைட்டும் எரிகிறதா என்று பார்க்கிறேன். டயர்களிலும் காற்றுப் பார்க்கிறேன். கார் இழுக்கிறது என்று யாராவது சொன்னால் மறுபேச்சில்லாமல் ஓரங்கட்டுகிறேன், நிறுத்த விடுகிற இடமாக இருந்தால்.